லைனைத் திட்டாதீர்கள், எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள்

பக்கம் திறக்கத் தாமதமானால் எங்கள் தண்டையார்பேட்டையில் முதலில் திட்டு வாங்குவது நெட் லைன்தான். ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கும் நான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: லைன்காரரைக் கூப்பிடும் முன் பிரவுசரைத் திறந்து, அதில் என்னென்ன எக்ஸ்டென்ஷன்கள், அதாவது கூடுதல் வசதிக்காக நாம் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள், இருக்கின்றன என்று பாருங்கள்.

சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்போடு வந்தார். உதவித்தொகை விண்ணப்பம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டங்களின் பட்டியல் வருவதற்குள் திரை உறைந்துவிடுகிறது. காத்திருக்கும்போதே நேரம் முடிந்து, மறுபடி முதலிலிருந்து நிரப்பச் சொல்கிறது. "அண்ணா, நெட்டை மாற்றச் சொல்லி வீட்டில் சண்டையே போட்டுவிட்டேன்" என்றார், கண் கலங்க. கடை வைஃபையிலும் அதே கதைதான். அதே பக்கத்தை இன்காக்னிட்டோவில், அதாவது பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில், திறந்தேன். பட்டியல் சட்டென்று விழுந்தது. அங்கே, நாமாக அனுமதித்தால் ஒழிய, எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது. பிறகு சாதாரண சாளரத்துக்கு வந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். வீடியோ பதிவிறக்கும் எக்ஸ்டென்ஷனை அணைத்ததும் படிவம் ஓடியது.

விண்ணப்பப் படிவத்தில் வீடியோவே இல்லையே என்று கேட்கலாம். அது எக்ஸ்டென்ஷனுக்குத் தெரியாது. 'எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று நிறுவும்போது கேட்கிறதே, அந்த அனுமதியை வைத்துக்கொண்டு திறக்கும் பக்கங்களிலெல்லாம் தன் நிரலைச் செருகுகிறது. எங்காவது வீடியோ முளைக்கிறதா என்று பக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் துழாவுகிறது. பட்டியல் மாறினாலும் துழாவல்தான். பக்கத்தின் சொந்த வேலை நடக்கும் அதே வரிசையில் இதுவும் நிற்பதால், இது முடியும்வரை படிவம் அசையாது. பத்து டேப் திறந்திருந்தால் பத்திலும் தனித்தனிப் பிரதி; நினைவகம் குறைந்த பழைய கணினி என்ன செய்யும்?

வீடியோ பார்க்கவே எதையாவது நிறுவ வேண்டுமே என்று சிலர் நினைக்கலாம். அடோபியின் ஃபிளாஷ் மென்பொருள் வழியாக வீடியோ ஓடிய காலத்தில் பிளக்-இன், அதாவது பிரவுசருக்குள் செருகும் துணை மென்பொருள், தேவைப்பட்டது உண்மை. அது ஏறும்வரை பிரவுசர் திணறும். பழைய வகை பிளக்-இன்களை குரோம் 2015-லேயே கைவிட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இன்று எச்.டி.எம்.எல்.5 என்ற இணையப் பக்க மொழி வழியாக பிரவுசரே வீடியோவை ஓட்டிவிடும். ஆகவே, 'இந்த பிளேயரை நிறுவினால்தான் படம் தெரியும்' என்று எந்தத் தளமாவது கேட்டால் அந்த டேப்பை மூடிவிடுங்கள்.

பதிவிறக்கும் வசதி வேண்டும் என்பவர்கள் எக்ஸ்டென்ஷனை நீக்க வேண்டியதில்லை. அதன் விவரப் பக்கத்தில் தள அணுகலை 'கிளிக் செய்யும்போது' என்று மாற்றினால் போதும். அதன் ஐகானை நீங்கள் அழுத்தாதவரை எந்தப் பக்கத்தையும் தொடாது.

இணையதளம் நடத்தும் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகப்பில் புடவை வீடியோக்களை யூடியூபிலிருந்து வரிசையாகப் பதிக்கிறீர்கள். பார்ப்பவர் அழுத்தாவிட்டாலும் ஒவ்வொன்றும் தன் பிளேயர் நிரலை இறக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு படத்தை மட்டும் வைத்து, தொட்ட பிறகு வீடியோ வரும்படி செய்யச் சொல்லுங்கள். தளம் செய்துகொடுத்தவருக்கு அரை நாள் வேலைகூட இருக்காது.