கவுனி வளவு வரை வந்துவிட்டாள்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் நான் குடியிருக்கும் வீடு எனக்குச் சொந்தமானதல்ல. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கூட்டிப் பெருக்கி, சாயங்காலம் விளக்குப் போட்டு, மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றிப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆளைக் கண்டாலே சீறுகிற ஒரு பூனைக்குட்டியை இத்தனை நீளமான வீட்டில் பழக்கியதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குட்டிக்கு வீட்டைச் சின்னதாக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும்.

பக்கத்து வீடு வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காகத் திறந்தபோது பாத்திர அறையில் உருளிகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகள் இருந்தன. தாய்ப்பூனை சன்னல் வழியாகப் பாய்ந்து ஓடிவிட்டது. அறையைக் கழுவ ஆள் வந்தாயிற்று, குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்ப் பக்கம் விட்டுவரலாம் என்று பேச்சு. வரிபோட்ட இரண்டு குட்டிகளைக் கேட்டு வாங்கிப்போக ஆள் இருந்தது. கருப்புக் குட்டியை யாரும் தொடவில்லை. "கருப்பாவுல இருக்கு தம்பி, யோசிச்சுக்கங்க" என்றார் பக்கத்து வீட்டுச் சாவியை வைத்திருக்கும் ஆச்சி. எனக்குக் கவுனி அரிசிதான் ஞாபகம் வந்தது. நிழலில் கருப்பு, வெயிலில் பார்த்தால் செம்மை ஓடும். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

சமையலறைத் தராசில் 700 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருந்தாள். பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், அப்புறம் வாரத்துக்கு 100 கிராம் போல ஏறும். அந்தக் கணக்கில் ஆறு வாரத்துக் குட்டி. கண்ணில் இன்னும் நீலம் மிச்சமிருந்ததும் அதற்குப் பொருந்தியது. இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், குட்டி மனிதர்களை எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அதற்குப் பிறகும் பழக்கலாம், ஆனால் நாளும் பொறுமையும் அதிகம் பிடிக்கும். கவுனி அந்தக் காலத்தின் கடைசியில் வந்தாள்.

முதலில் வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியை, ஒட்டிய ஒரு சின்ன அறை. ஒரு சன்னல், ஒரு கதவு, மேலே ஏறி ஒளிய பரண் கிடையாது. ஒளியவே இடம் இல்லாமல் வைப்பதும் தப்பு. அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மூலையில் பிளாஸ்டிக் பேசினில் சலித்த மணல், எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் மணல் இருந்தால் பூனை அதைப் பயன்படுத்தத் தயங்கும். மண்ணைப் பறித்து மூடும் பழக்கம் கூடவே பிறந்தது, நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

அப்புறம் என் வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. தரையில், பக்கவாட்டில் திரும்பி, பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டு. நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது பூனைக்குச் சண்டைக்கு அழைப்பு. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் பூனை பதிலுக்கு அப்படியே செய்யும், பக்கத்திலும் வரும் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்து எழுதியிருக்கிறார்கள். கவுனியிடம் அது வேலை செய்ததா, நீண்ட அகப்பையில் நான் நீட்டிய வேகவைத்த கோழி வேலை செய்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் ஓட்டு கோழிக்குத்தான். அகப்பையின் காம்பைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன், ஒருநாள் விரலில் இருந்ததை நக்கினாள். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது, பருந்து இறங்குவதாகவே அதற்குப் படும். கன்னத்தின் பக்கமாகத்தான் தொட வேண்டும்.

நடுவில் ஒருமுறை நன்றாகக் கீறிவிட்டாள். வெளியில் பிறந்த குட்டி கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், ரேபிஸ் ஊசியும் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. குட்டிதானே என்று விடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆச்சிக்கும் எனக்கும் தினமும் வாக்குவாதம். முதல் நாளே ஒரு டம்ளர் பசும்பாலோடு வந்தார். பால்குடி மறக்கும் வயதில் பூனைக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும் என்றேன். "எங்க ஆயா காலத்துலேருந்து பூனை பாலுதான் குடிக்குது" என்றார். சரி, அதற்கு என்ன பதில் சொல்வது? அடுத்தது மீன் குழம்புச் சோறு. இந்த ஊர்ச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. எனவே கவுனிக்குத் தனிச் சட்டி: உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன், கோழி, கொஞ்சம் கோழி இதயம். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் போதிய அளவு கிடைக்கும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால் கடையில் விற்கும் குட்டித் தீனிதான் பிரதானம், சட்டிச் சாப்பாடு மேலுக்கு.

ஃபினாயிலை நிறுத்தியதில்தான் வீட்டுக்கார அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். பெரிய வீடு, வாரம் ஒருமுறை ஃபினாயில் போட்டுத் துடைத்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் அந்த வகைப் பொருளைப் பூனையின் ஈரலால் முறித்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்த காலை நக்கினாலே உள்ளே போய்விடும். பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதும் இதே காரணத்தால்தான். போனில் விளக்கினேன். ஆத்தங்குடித் தரைக்கு வெறும் தண்ணீரும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும் என்று அவரே முடித்துவிட்டார்.

அறைக் கதவைத் திறந்ததும் வளவு. இங்கே சிக்கல் தரையில் இல்லை, வானத்தில் இருக்கிறது. நடுவாசல் மேலே திறந்தது. ஒரு தூணைப் பற்றி ஏறினால் ஓடு, ஓட்டிலிருந்து அடுத்த வீடு, அங்கிருந்து ஊர் முழுக்கப் போகலாம். குரங்குக்காக எப்போதோ போட்ட கம்பி வலையில் பிய்ந்த இடங்களைக் கட்டி முடித்த பிறகுதான் அவளை விட்டேன். முதலில் சுவரோரமாகவே ஊர்ந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் பூப்போட்ட கல் குளிர்ச்சியாக இருப்பதைக் கண்டுபிடித்ததும் பயம் பாதி போய்விட்டது.

என் பயம் பர்மா தேக்குக் கதவுகள். அந்தக் கதவு நிலையில் நகம் பட்டால் யார் பதில் சொல்வது? பழைய உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டித் தென்னங்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, அவள் தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பூனை எழுந்தவுடன் முதலில் உடம்பை முறித்துக் கீறத்தான் இடம் தேடும். இதுவரை கதவுகளில் கீறல் இல்லை.

நான்கு மாதத்திலேயே பெண் பூனை இணைசேரும் பருவத்துக்கு வந்துவிடலாம், சினைக்காலமும் ஒன்பது வாரம்தான். அதனால் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் காரைக்குடியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்தாயிற்று. தடுப்பூசிகளை முன்பே முடித்திருந்தேன். தையல் ஆறும்வரை மறுபடி அந்தச் சின்ன அறை. முரண்டு பிடிப்பாள் என்று நினைத்தேன், தன் பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொண்டாள். அந்த அறையை இனி காலி செய்வதாக இல்லை.

வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு வரை இப்போது தாராளமாக வருகிறாள். முகப்பில் புது ஆள் குரல் கேட்டால் இன்னும் ஓட்டம்தான். தாய்ப்பூனை பின்தெருவில் சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. வளர்ந்த பூனை, இனி மடிக்கு வராது, வர வேண்டியதும் இல்லை. கூண்டில் பிடித்துக் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டி, அதே தெருவில் விடப்போகிறேன். கூண்டைத் திறந்தபடி கட்டிவைத்து உள்ளேயே சாப்பாடு வைக்க ஆரம்பித்திருக்கிறேன். முன்னங்கால் இரண்டும் உள்ளே வருகிறது. "அது ஒங்ககிட்ட மாட்டாது தம்பி" என்கிறார் ஆச்சி. மீன் தலை மட்டும் தினமும் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது.