இனிஷியலை விரித்தேன், 60 நாள் பூட்டு விழுந்தது

என் பெயரில் ஒரு டாட் காம் இணைய முகவரி, அதாவது டொமைன், ரொம்ப வருடமாக இருக்கிறது. விவரங்களைச் சரிபாருங்கள், தவறாக இருந்தால் டொமைன் ரத்தாகலாம் என்று அதைப் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வருடா வருடம் ஒரு மின்னஞ்சல் வரும். டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் சொல்படி எல்லா ரெஜிஸ்ட்ராரும் அனுப்பியாக வேண்டிய கடிதம் அது. இந்த முறை அதைப் படித்துத் தொலைத்தேன்.

'கடைசிப் பெயர்' கட்டத்தில் வெறும் 'கே' இருந்தது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பாவின் இனிஷியலைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். எதற்கு வம்பு என்று பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரை முழுதாக அடித்துச் சேமித்தேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம், புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டார்களே என்று வேறு நிறுவனத்துக்கு மாற்ற, அதற்குத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேட்டால், பூட்டியிருக்கிறது, இன்னும் 53 நாள் பொறுங்கள் என்கிறார்கள். உரிமையாளர் மாறிவிட்டாராம். அப்பாவும் அதே அப்பா, நானும் அதே நான். காலாவதிக்கோ 41 நாள்தான் பாக்கி.

உரிமையாளர் மாறினால் 60 நாள் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற விதியைத் தேடிப் படித்தேன். 2016 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. திருடுபவன் பெயரை மாற்றிக் கையோடு டொமைனை வேறு இடத்துக்குக் கடத்திவிடக் கூடாது என்பதற்காக வந்தது, நல்ல விதிதான். எழுத்துப்பிழைத் திருத்தம் உரிமை மாற்றம் ஆகாது என்று அதிலேயே இருக்கிறது. பூட்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை ரெஜிஸ்ட்ரார் தரலாம் என்றும் இருக்கிறது. 'தரலாம்', அவ்வளவுதான். இதையெல்லாம் காட்டி ரெஜிஸ்ட்ராரிடம் மூன்று புகார் டிக்கெட் போட்டேன், இனிஷியல் என்றால் என்ன என்று அரைப் பக்கம் விளக்கம் வேறு. மூன்றுக்கும் ஒரே பதில், கமா கூட மாறவில்லை: இது ஐகேன் விதி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி என்று ஏற்றிய கட்டணத்தையே கட்டிப் புதுப்பித்தேன். மாற்றும்போது அந்த வருடம் வீணாகாது, இன்னொரு வருடமும் சேரும், அது ஒன்றுதான் ஆறுதல். (நீங்களும் மாற்றுவதாக இருந்தால் முதலில் டொமைனை மாற்றுங்கள், பெயரை அப்புறம் திருத்துங்கள்.) 61ஆம் நாள் கோடு வாங்கிப் போட்டேன். பழைய நிறுவனம் ஐந்து நாள் வாய் திறக்காவிட்டால் தானாக மாறிவிடும் என்பது கணக்கு, அந்த ஐந்து நாளையும் முழுசாக எடுத்துக்கொண்டார்கள்.

புது இடத்துப் படிவத்திலும் கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அப்பா பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். மாறி வந்த டொமைனுக்கு இன்னொரு 60 நாள் பூட்டு உண்டாம். இருக்கட்டும், நான் எங்கேயும் போவதாக இல்லை.