நிலவின் தென்துருவத்தில் ஒன்பது பேர்: வேலைக் குறிப்பேடு

ஜூன் 7, 2025, சனி

நிலவில் நடக்கும் காலாட்படைச் சண்டையை வைத்து ஓர் ஒலி நாடகம், ஒரு மேசை விளையாட்டு. இரண்டுக்கும் களம் முடிவாகிவிட்டது. நிலவின் தென்துருவம், ஷேக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பு. பள்ளத்தின் குறுக்களவு சுமார் 21 கி.மீ., ஆழம் 4 கி.மீ. போல. ஒலி நாடகத்துக்கும் மேசை விளையாட்டுக்கும் ஒரே விதிகள்தான்.

படைப்பிரிவில் ஒன்பது பேர்: தலைவர் ஒருவர், நால்வர் கொண்ட இரண்டு அணிகள். அமெரிக்கத் தரைப்படையின் ஸ்குவாட் இதே கணக்குதான். நம் காலாட்படை செக்‌ஷனில் பத்துப் பேர். இரண்டு சம பாதி இருந்தால்தான் ஒன்று நகரும்போது மற்றது காவல் காக்கும். ஒவ்வோர் அணியிலும் அணித்தலைவர், இயந்திரத் துப்பாக்கிக்காரர், குண்டு லாஞ்சர் வைத்திருப்பவர், ரைபிள்காரர்.

அணி நடக்கும் வடிவம் ஆப்பு. முனையில் அணித்தலைவர், இருபுறமும் பின்வாங்கி மற்றவர்கள். பூமியில் ஆளுக்கு ஆள் 10 மீட்டர் விடுவது கையேட்டு வழக்கம், ஒரே குண்டில் இருவர் விழக்கூடாது என்பதற்காக. நிலவில் காற்றில்லாததால் வெடிப்பின் அழுத்த அலை இல்லை. ஆனால் சில்லுகளைத் தடுத்து வேகம் குறைக்கவும் எதுவும் இல்லை. உடையில் ஓர் ஓட்டை போதும். இடைவெளியை இரட்டித்தால் ஒருவர் மேல் படும் சில்லுகள் நாலில் ஒன்றாகும். எனவே 20 மீட்டர். சேப்பாக்கத்து பிட்ச் நீளத்தை மனதில் வைத்துக்கொண்டால் நடிப்பவர்களுக்குக் குரலின் தூரம் பிடிபடும்.

ஜூன் 8, ஞாயிறு

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிலவில் வீரர்களைத் துள்ள விட்டுவிட்டு, மற்றதைப் பூமிப் பயிற்சிப்படியே வைத்துவிடுகிறார்கள். சிக்கல் துள்ளலில் மட்டும் இல்லை, நிற்பதில்தான் பெரிது.

எடை ஆறில் ஒன்று. நிறை அப்படியே. பிடிமானம் எடையைப் பொறுத்தது, ஆகவே பிரேக்கும் ஆறில் ஒன்று. உராய்வுக் கெழு (தரைப் பிடிமானத்தின் அளவு) 0.5 என்று வைத்துக் கணக்கிட்டால், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் பூமியில் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடுவார். நிலவில் ஐந்தரை மீட்டர் சறுக்குவார். பாறைக்குப் பின்னால் ஒளிய ஓடுகிறவர் ஆறு மீட்டர் முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்காவிட்டால், பாறையைத் தாண்டி எதிரியின் பார்வையில் போய் நிற்பார்.

பூமியில் திறந்தவெளி ஓட்டத்துக்கு 3 முதல் 5 வினாடி என்பது விதி. எழு, ஓடு, விழு. எதிரி குறிவைத்து முடிப்பதற்குள் படுத்துவிடு. அதே 5 வினாடியை நிலவில் போட்டுப் பார்த்தால், நின்ற நிலையில் கிளம்பி மறுபடி நிற்பதற்குள் கடக்கும் தூரம் 5 மீட்டர். பூமியில் அதே கெழுவுக்கு 30. படுப்பதும் தாமதம்: ஒரு மீட்டர் உயரம் விழ பூமியில் அரை வினாடிகூட ஆகாது, இங்கே 1.1 வினாடி. அரை மீட்டர் துள்ளினால் ஒன்றரை வினாடிக்கு மேல் அந்தரத்தில். அந்த நேரத்தில் திசை மாற்ற வழியே இல்லை. 300 மீட்டரில் இருக்கிற எதிரியின் தோட்டா மூன்றில் ஒரு வினாடியில் வந்துவிடும். ஆள் எங்கே இறங்குவார் என்பது அவனுக்கு முன்பே தெரியும்.

ஆகவே விதி: தனியாள் ஓட்டம் கிடையாது. அணியாக, மறைவிலிருந்து மறைவுக்கு, பாதம் தரையை விட்டு அதிகம் எழாமல். ஆணி வைத்த பூட்ஸ் போட்டவருக்கு நிற்கும் தூரம் பாதி. அதற்கு ஈடாக வெறும் பாறையில் வழுக்கும்.

துப்பாக்கிக்கும் ஒரு வரி. பூமியில் 300 மீட்டருக்குச் சரி செய்த குறிக்கண்ணாடி இங்கே அரை மீட்டர் அளவுக்கு மேலே சுடும். முதல் சண்டையில் எல்லாத் தோட்டாவும் தலைக்கு மேல் போவதற்கு இது போதுமான காரணம்.

ஜூன் 11, புதன்

புகைக்குண்டு வேண்டாம். காற்று இல்லை, துகள் மிதக்காது. இரண்டு மீட்டர் உயரத்தில் விட்டது ஒன்றரை வினாடியில் தரைக்கு வந்துவிடும். பூட்ஸ் கிளப்பும் தூசியும் அப்படியே, எறிந்த கல்லைப்போல வளைந்து விழும்.

தோட்டா பாயும் ஓசையும் கேட்காது. எங்கிருந்து சுட்டான் என்று காதால் கண்டுபிடிக்கும் வித்தை மொத்தமும் போச்சு. அதனால் எதிரி இருக்கும் திசை ரேடியோவில்தான் வரவேண்டும். நாடகத்தில் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்றால், சுடுகிறவரின் உடை வழியே கைக்கு ஏறும் அதிர்வாக மட்டும்.

ஜூன் 14, சனி

நிழல். துருவத்தில் சூரியன் தொடுவானத்திலிருந்து ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். 1.8 மீட்டர் ஆளின் நிழல் 69 மீட்டர். பாறைக்குப் பின்னால் பதுங்கியதாக நினைக்கிறவரின் தோள் விளிம்புக்கு மேல் நாலு விரல் எழுந்தால், நிழல் பாறையின் நிழலைத் தாண்டி இரண்டு மூன்று மீட்டர் நீட்டிக் காட்டிக்கொடுக்கும்.

இதைப் பார்க்கச் சென்னை எலியட்ஸ் கடற்கரை போதும். கடல் கிழக்கே இருப்பதால், சூரியன் எழுந்து ஆறேழு நிமிடத்தில் அதே ஒன்றரை டிகிரி கிடைக்கும். அடிவானத்தில் மேகம் இருந்தால் அன்று இல்லை. 70 மீட்டர் நைலான் கயிற்றை மேற்கே சாலைப் பக்கம் இழுத்துக் கட்டி, ஒருவர் அலையோரம் நிற்க வேண்டும். கயிற்றின் முனையில் தலை தெரிவதில்லை. சூரியனின் அகலம் அரை டிகிரி, எனவே 25 செ.மீ. அகலத் தலையின் முழு இருட்டு 27 மீட்டரிலேயே முடிந்து, பிறகு வெறும் மங்கல்தான். ஆனால் முதுகுப்பை போட்ட உடம்பு 70 செ.மீ. அகலம், அது 75 மீட்டர் வரை நிற்கும். கையை அசைத்தால் தூரத்தில் தெரியாது, உடம்பைத் திருப்பினால் தெரியும். கைச்சைகைகளை நிழலில் படிக்கலாம் என்ற யோசனை இதோடு கைவிடப்பட்டது.

விதியாக எழுதினால்: சூரியன் முதுகில் இருந்தால் நிழல் முன்னே ஓடும், மேட்டை ஏறும் முன் எதிரிக்கு நிழல் தெரிந்துவிடும். சூரியன் முகத்தில் இருந்தால் நிழல் பின்னால் மறையும், ஆனால் கண் கூசும். பக்கவாட்டில் வைத்து நடப்பதே நல்லது.

திசைக்கு காம்பஸ் உதவாது. நிலவுக்கு மொத்தமான காந்தப்புலம் இல்லை. துருவத்தில் நின்றால் எல்லாப் பக்கமும் வடக்கு. சூரியன் தொடுவானத்தைச் சுற்றி மணிக்கு அரை டிகிரிதான் நகரும், எனவே அரைநாள் வேலைக்கு அதையே குறியாக வைக்கலாம். தூரத்தைக் கண்ணால் அளப்பதை நம்பக்கூடாது. தூரத்துப் பொருளை மங்கலாக்கும் காற்று இல்லை. 1971இல் அப்போலோ 14இன் இருவரும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி ஏறி, அது சுமார் 30 மீட்டர் தள்ளியிருக்கும்போது காணாமலே திரும்பினார்கள்.

ஜூன் 19, வியாழன்

இனி ரேடியோ. ஓவர், அவுட், ராஜர் மூன்றையும் மாற்றப்போவதில்லை; போலீஸ் வயர்லெஸ் கேட்ட காதுக்கு இவை தமிழ்தான். ஓவர் என்றால் பேசி முடித்தேன், பதில் வேண்டும். அவுட் என்றால் பேச்சே முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது சினிமா. ராஜர் என்றால் கேட்டது என்று மட்டும். செய்வேன் என்பதற்கு 'செய்கிறேன்' தனியாக. இவை கலந்தால் கட்டளை காற்றோடு போய்விடும்.

கேட்கவில்லை என்றால் 'மறுபடி சொல்'. 'ரிப்பீட்' கூடாது. பீரங்கிப் படையில் அது அதே இடத்தில் இன்னொரு முறை சுடு என்று பொருள்.

அடுத்தது நம் மொழிக்கே உரிய தலைவலி. தமிழில் 'இல்லை' கடைசியில் வருகிறது. 'பாறைக்குப் பின்னால் இருக்கிற மூன்று பேரைச் சுடாதே' என்பதில் கட்டை விரல் பட்டனை ஒரு நொடி முன்னே விட்டால் 'சுடா…' வரைக்கும்தான் போகும். 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும் முதல் பாதி ஒன்றே. எனவே தடை வரவேண்டியது தொடக்கத்தில்: 'தடை. தடை. சுடுதல்.' முதல் 'தடை' வெட்டுப்பட்டாலும் இரண்டாவது கிடைக்கும். பட்டனை அழுத்தி ஒரு வினாடி கழித்தே வாய் திறக்க வேண்டும். குரலால் தானாகத் திறக்கும் மைக் எப்போதும் முதல் எழுத்தைத் தின்னும், மூச்சையும் ஒலிபரப்பும். அதை எதிரிக் கதாபாத்திரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'சார்' தடை. 'வாங்க', 'போங்க'வும் தடை. ஒட்டுக்கேட்கிற எதிரிக்குத் தலைவர் யார் என்பதை மரியாதை காட்டிக்கொடுத்துவிடும். 'வாங்க' என்பது ஒருவருக்கா நால்வருக்கா என்பதும் புரியாது. களத்தில் எல்லோருக்கும் வெறும் வினை: நகர், நிறுத்து, காவல், பின்வாங்கு. 'நில்' வேண்டாம், முடிவில் வரும் 'ல்' இரைச்சலில் கரைந்துவிடும். பழக்கம் விடாமல் ஒருவர் 'சார்' என்று உளறுவது கதைக்கு நல்ல திருப்பம், எழுதுகிறவர் அதை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதவரை.

ஜூன் 22, ஞாயிறு

எண்களும் அழைப்புப் பெயர்களும். சோதனை திருவான்மியூர் கடற்கரையில், அலைக்கு முதுகைக் காட்டி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் குறைந்த திறன் கைக்கருவிகள் போதும். வாங்கும்போது அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும், வேறு அலையில் பேசினால் உரிமம் தேவை.

ஐம்பது, எண்பது, ஒம்பது: காற்றடித்தால் மூன்றும் 'ம்பது'. இலக்கம் இலக்கமாகச் சொன்னால் அந்தச் சிக்கல் தீரும். மிச்சம் இருப்பது ஒண்ணு–மூணு, ரெண்டு–எட்டு. ஒன்றுக்கு 'ஒற்றை', எட்டுக்கு 'அஷ்டம்'. ஆங்கில ரேடியோவில் நைன் 'நைனர்' ஆனதும் இதே காரணத்தால்தான். அஷ்டமத்துச் சனி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அந்த 'ஷ்' ஓரளவு இரைச்சலைத் தாண்டி வருகிறது. சுழியத்துக்கு 'சைபர்'.

பெயர்கள்: பிரிவுத் தலைவர் அரிமா, அணிகள் பருந்து, கோடாலி, பின்தளம் முகாம். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நான்கிலும் வேறு. 'பருந்து'வுடன் 'நண்டு' சேராது. ல, ள, ழ வித்தியாசத்தை நம்பி ஒரு பெயரும் வைக்கக்கூடாது. ரேடியோவில் மூன்றும் ஒன்றுதான், சென்னைத் தெருவில் போலவே.

ஜூன் 28, சனி

நகர்வையும் ரேடியோவையும் சேர்த்து ஒரு தாவல், அதாவது ஓர் அணி காவல் காக்க மற்றது அடுத்த மறைவுக்கு நகர்வது. கோடாலி காவலில், பருந்து நகர வேண்டும். பூமிக் கையேட்டில் ஒரு தாவல் 150 மீட்டரைத் தாண்டாது. இங்கே 80. காவல் காப்பவர் நகர்பவரின் சேருமிடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், நிழல் பட்டைகள் அதற்கு மேல் விடுவதில்லை. அழைப்பில் முதலில் கேட்பவர் பெயர், பிறகு பேசுபவர் பெயர்.

'அரிமா, கோடாலி. காவல் தயார். ஓவர்.'
'பருந்து, அரிமா. மணி ஒற்றை ஒற்றை, இரட்டைப் பாறை வரை. நகர். ஓவர்.'
'பருந்து. மணி ஒற்றை ஒற்றை, இரட்டைப் பாறை. செய்கிறேன். அவுட்.'

மணி என்பது பிரிவு போகும் திசையைப் பன்னிரண்டாக வைத்து. முகம் பார்க்கும் திசை அல்ல. திரும்பச் சொல்வது இடத்துக்கும் எண்ணுக்கும் மட்டும், எல்லாவற்றுக்கும் சொன்னால் அலைவரிசை நிரம்பிவிடும். ஒரு பேச்சு ஐந்து வினாடிக்குள். நகர்கிற அணி வாய் திறப்பதில்லை, சேர்ந்ததும் ஒரே சொல்: 'பருந்து, காவல்.' அதைக் கேட்ட பிறகே கோடாலி எழும். பழைய பதிப்பில் 'சேர்ந்துவிட்டோம்' என்று இருந்தது. சேர்வது வேறு, சுடத் தயாராவது வேறு, இடையில் நாலைந்து வினாடி சறுக்கல் இருக்கிறது.

எதிரி தென்பட்டால்: 'எதிரி! மணி ரெண்டு. நாலு சைபர் சைபர். மூணு ஆள், பாறை வரிசை. கோடாலி, சுடு.' எச்சரிக்கை, திசை, தூரம், என்ன, யார் செய்ய வேண்டும் என்ற வரிசை மாறக்கூடாது. திசை முதலில் வந்தால் கேட்பவர் தலையைத் திருப்புவதற்குள் மற்றது வந்து சேரும். முகாமுக்கு 'எதிரி, காத்திரு, அவுட்' மட்டும்; அவர்கள் கேள்வி கேட்டு அலைவரிசையை அடைக்காமல் இருக்க. பூமியிலிருந்து யாரும் சண்டையை நடத்த முடியாது. போய் வர 2.6 வினாடி, ஒவ்வொரு 'ஓவர்' மேலும் இன்னொருவர் குரல் ஏறி விழும்.

ஜூலை 2, புதன்

தொடர்பு அறுவது. நிலவு சிறியது: 1.7 மீட்டர் உயரக் கண்ணுக்குத் தொடுவானம் 2.4 கி.மீ. (பூமியில் 4.7). சமதளத்தில் இரு உடைகளுக்கு இடையே நேர்ப்பார்வை 4.8 கி.மீ. வரை. அலையைத் திருப்பி அனுப்ப மேலே பூமியைப்போல அயனி மண்டலம் இல்லை. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டி இறங்கியதும் முகாம் காணாமல் போகும்; விளிம்பில் இரண்டு கம்ப ரிலே (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைக்க வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால் எதிரி அதைத்தான் முதலில் சுடுவான்.

இறங்கும் முன் ஐந்தும் வாயால் சொல்லப்பட வேண்டும்: போகும் இடம், கூட வருபவர், திரும்பும் நேரம், வராவிட்டால் என்ன, வழியில் சண்டை வந்தால் இரு தரப்பும் என்ன செய்வது. விளையாட்டில் இதைச் சொல்ல மறந்த ஆட்டக்காரருக்குத் தண்டனை இல்லை. தொடர்பு அறுந்த பின் மற்ற அணியின் காய்களை நடுவர் நகர்த்துவார், அவ்வளவே. திரும்பும் நேரத்தை ஆக்சிஜன் தீரும் நேரத்தில் வைக்கக்கூடாது. மேலேறும்போது மூச்சு இறங்குவதைவிட வேகமாகச் செலவாகும், எனவே மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பு. கடைசி எல்லை அதுதான், எதிரில் என்ன தெரிந்தாலும்.