பேனா மூடி

"பேனா இரவல் வாங்கினா மூடியோட திருப்பித் தரணும், டீச்சர்."

ஆறாம் வகுப்பில் முதல் நாள். வகுப்பு விதிகளை நீங்களே சொல்லுங்கள் என்றதும் முதலில் வந்தது இதுதான். நேரம் தவறாமை, ஒழுக்கம் பக்கமெல்லாம் யாரும் போகவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி: "டீச்சரும் அடிக்கக் கூடாது."

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். சரி என்று அதையும் பலகையில் எழுதினேன்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான். மனதளவில் துன்புறுத்துவதும் அதில் சேர்த்தி. பிள்ளைகளிடம் இதை யார் சொல்கிறோம்? அவர்களுக்கான விதிகளை மட்டும் ஒப்பிக்க வைக்கிறோம்.

அப்புறம் பேச்சு சூடுபிடித்தது. சாப்பாட்டு மணி அடித்த பிறகு பாடம் நடத்தக் கூடாதாம். கைதட்டல் இதற்குத்தான் அதிகம்.

கணக்கு சாரிடம் யார் போய்ச் சொல்வது?