13.8 என்ற எண்

மகப்பேறு பிரிவில் உணவு ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்தால் முதலில், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைத்தான் பார்ப்பேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு அது 13.8 இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மாதங்களில் பலருக்கும் குறையும் அளவு இவருக்கு மட்டும் ஏன் உயர்ந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்றும் கேட்கவில்லை. புண்படுவாரோ என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

புகைபிடிக்கும் பழக்கம் இருப்பதைக் குழந்தை பிறந்த பிறகு அவராகவே சொன்னார். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினைக் கூட்டும். எண் நன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் சத்துக்குறைவு அதில் மறைந்துபோகும்.

புகையின் நச்சுகளோடு மல்லுக்கட்டியே வைட்டமின் சி வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. அமெரிக்கப் பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 85 மில்லிகிராம், பாலூட்டும் தாய்க்கு 120. புகைபிடிப்பவர் இதற்கு மேல் 35 சேர்த்துக்கொள்ள வேண்டும். பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலேட்டும் குறைவாகவே இருக்கும். தாய்ப்பாலிலும் வைட்டமின் சி குறைகிறது. அயோடின் வைட்டமின் இல்லைதான், ஆனாலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். புகையால் ரத்தத்தில் சேரும் தயோசயனேட் என்ற வேதிப்பொருள், அயோடின் பாலுக்குள் போகும் வழியைத் தடுக்கிறது. தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தையின் தைராய்டுக்கு வேறு எங்கிருந்து அயோடின் வரும்?

"அப்போ பால் கொடுக்கறத நிறுத்திடட்டுமா மேடம்?" அவர் குரல் உடைந்திருந்தது. நிறுத்த வேண்டாம் என்றேன். குறைகள் இருந்தாலும் அந்தப் பால் தரும் பாதுகாப்பு பெரியது. பாலிலுள்ள நிகோடின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகும். அதனால் புகையை விடவே முடியாத நாளிலும் முதலில் பால் கொடுத்துவிட்டு, அப்புறம் குழந்தை இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னேன்.

வைட்டமின் மாத்திரை போதாதா என்று கேட்டார். கர்ப்பத்தில் புகையை விட முடியாத பெண்களுக்குத் தினமும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்ததில், பிறந்த குழந்தைகளின் நுரையீரல் செயல்பாடு மேம்பட்டிருந்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதைச் சொன்னால் மாத்திரையை மட்டும் நம்பிவிடுவாரோ என்று முதலில் தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன். கார்பன் மோனாக்சைடையோ நிகோடினையோ எந்த மாத்திரையாலும் வெளியேற்ற முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

இப்போது எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்கிறேன். "பழக்கம் உண்டா?" என்றால் பலரும் தலையை ஆட்டி மறுத்துவிடுகிறார்கள். "கடைசியா எப்போ பிடிச்சீங்க?" என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்து ராத்திரி" என்கிறார்கள்.