பென்சிலில் எழுதிய விதி

"மாமா, மருந்து குடிச்சா என் டர்ன் முடிஞ்சிடுமா?"

அக்கா மகள் கேட்டாள். விளையாட்டில் அவள் ஆடும் பாத்திரமான வில்லாளி, ஓகர் என்ற அரக்கனின் எதிரே சாகும் தறுவாயில் நிற்கிறாள்.

கிட்டத்தட்ட ஆமாம். பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், ஐந்தாம் பதிப்பின் பழைய விதிப்படி, மருந்து குடிக்க அந்த டர்னின் முக்கியச் செயலான ஆக்‌ஷன் செலவாகிவிடும். நாலுமுகப் பகடை இரண்டை உருட்டி 2 கூட்டினால், மிஞ்சிப்போனால் 10 உயிர்ப்புள்ளி. ஓகரின் ஒரே அடியில் அதுவும் போய்விடக்கூடும்.

"அப்போ யாருதான் குடிப்பாங்க?"

நான் விதிகள் எழுதி வைக்கும் நோட்டை எடுத்தேன். அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் அழித்தெழுதிய நோட்டு. பென்சிலில் எழுதினேன்: அவசரமாகக் குடித்தால் போனஸ் ஆக்‌ஷன் (ஆக்‌ஷனோடு கூடுதலாகச் செய்யும் சிறு செயல்), பகடை உருட்டு. நிதானமாகக் குடித்தால் முழு ஆக்‌ஷன், முழுசாக 10.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. எத்தனையோ மேசைகளில் இப்படித்தான் ஆடினார்கள். 2024இல் வந்த புதிய விதிப்புத்தகத்தில், போனஸ் ஆக்‌ஷனில் மருந்து குடிப்பது அதிகாரபூர்வ விதியாகவே வந்துவிட்டது.

இந்த விளையாட்டு வளர்ந்ததே இப்படித்தான். 1974இல் வந்த முதல் மூன்று சிறு புத்தகங்களில் குத்துவாள் அடிக்கும் பெரிய வாள் அடிக்கும் சேதம் கணக்கிட ஒரே ஆறுமுகப் பகடைதான். அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூலில்தான் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறியது. திருடன் என்ற பாத்திர வகையும் அதில்தான் சேர்ந்தது.

வில்லாளி பிழைத்துக்கொண்டாள்.

சண்டை முடிந்ததும் எய்த அம்புகளில் பாதிதான் திரும்பக் கிடைக்கும் என்ற விதி அக்கா மகளுக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்ட கையோடு நோட்டையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இன்னும் திருப்பித் தரவில்லை.