கொப்புடையாள் வாசலிலிருந்து வைரவன்பட்டி வரை

இது அப்பத்தாவின் வேண்டுதல். தம்பிக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று, தியேட்டர் கதவு மூடியதுமே, "பிள்ளையாரப்பா, என் பேரன் எந்திரிச்சு வரட்டும், கொப்புடையாள் வாசல்ல இருந்து வைரவன்பட்டி வரைக்கும் நடந்தே வாரேன்" என்று சொல்லி மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். தம்பி எழுந்து வந்துவிட்டான். அப்பத்தாவுக்குத்தான் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "எனக்குப் பதிலா நீ நடந்துட்டு வாத்தா" என்றாள். எனக்குக் கிடைத்த பாக்கியம் அது.

மாசி மாத சங்கடஹர சதுர்த்தியன்று கிளம்பினோம். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் எங்கள் தெருப் பெரியவர்தான் கூட்டிப்போனார். விடியுமுன்னே காரைக்குடி கொப்புடைய நாயகியம்மன் வாசலில் சூடம் ஏற்றி, சிதறுகாய் போட்டுவிட்டு நடையைக் கட்டினோம். கோவிலூரில் கொற்றவாளீஸ்வரரையும் நெல்லையம்மனையும் கும்பிட்டபோது நன்றாக வெளுத்திருந்தது.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி சுமார் 10 கிலோமீட்டர். படியேறும்போது கெண்டைக்கால் இழுத்தது. மேலே சண்முகநாதர் ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாக மயில்மேல் உட்கார்ந்திருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் ஆளுக்கொரு மயில். சுவாமி, மயில், திருவாசி எல்லாம் ஒரே கல் என்று பெரியவர் காட்டினார். நானூறு வருஷத்துக்கும் மேலாகப் பழனி போகிற செட்டிநாட்டு நகரத்தார் காவடி கூடிப் புறப்படுகிற இடம் இது என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. மருது பாண்டியர் திருப்பணி செய்த மலை வேறு. திருநீறு வாங்கிப் பூசியதும் வலி போன இடம் தெரியவில்லை.

கஷ்டமெல்லாம் இறங்கிய பிறகுதான். பிள்ளையார்பட்டி பக்கம்தான், ஆனால் பதினோரு மணி வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலை. கூட வந்த அக்கா ஒருவருக்குக் கால் கொப்பளித்துவிட்டது. "ஆத்தா, தாருல மிதிக்காத. ஓரத்து வெள்ளைக்கோட்டு மேலயே வா" என்றார் பெரியவர். வைத்துப் பார்த்தால் உண்மைதான், வெள்ளைக்கோட்டில் அவ்வளவாகச் சுடவில்லை. அந்த ஒரு சாண் அகலத்தில் எல்லோரும் வரிசையாக, "முருகா, பிள்ளையாரப்பா" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனோம். தம்பி வண்டியில் மோர்த் தூக்கோடு வந்து நின்றான். நடக்க டாக்டர் இன்னும் விடவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவனே ஊற்றிக் கொடுத்தான்.

சதுர்த்திக் கூட்டத்தைச் சொல்லி முடியாது. வழியில் ஒரு கோயில் வாசலில், பணம் கொடுத்தால் உடனே உள்ளே கூட்டிப்போகிறேன் என்று ஒரு ஆள் பின்னாலேயே வந்து நச்சரித்தார். வேண்டாமென்றால் விடுவதில்லை. சாமிக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதானே? இவர்களை யாராவது கேட்கக் கூடாதா?

பிள்ளையார்பட்டி வரிசையில் நின்றபோது பெரியவர் ஒன்று சொன்னார். குடைவரைக்குள் இருக்கும் பழைய கல்வெட்டில் எக்காட்டூர்க் கோன் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் இருக்கிறதாம். மலையைக் குடைந்து பிள்ளையாரைச் செதுக்கியெடுத்தவராக இருக்கும் என்றார். அந்த மகராசனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

உள்ளே போனோம். ஆறடி உயரம், இரண்டே கை, வலப்பக்கம் திரும்பிய துதிக்கை. கற்பக விநாயகர் பாறையோடு பாறையாக வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தம்பி சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். தீபாராதனை காட்டியபோது எல்லோரும் பிள்ளையாரைப் பார்த்தார்கள், என் கண் தம்பியின் நெஞ்சுக்குப் போய்விட்டது. தொண்டைக்குக் கீழே தொடங்கி நடு நெஞ்சு வரை அந்தத் தையல் தழும்பு. அதன் மேல் தீபத்தின் வெளிச்சம் ஏறி இறங்கியது. மூச்சு விட விடத் தழும்பும் கூடவே அசைந்தது. ஐயோ, எத்தனை நாள் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன்! பின்னாலிருந்து தள்ளினார்கள், "நகருங்க நகருங்க" என்றார்கள். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முன்னால் நின்ற ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். மஞ்சள் முடிச்சைத் தம்பியே உண்டியலில் போட்டான். அப்பனே, நாங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டாய், இனிக் கேட்க ஒன்றுமில்லை.

மதியம் மரத்தடியில் கட்டுச்சாதம், ஒரு குட்டித் தூக்கம். அப்புறம் வைரவன்பட்டி. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் பிள்ளையார்பட்டி போல இதுவும் ஒன்று. வளரொளிநாதரையும் வடிவுடையம்மையையும் தரிசித்து, வைரவருக்கு அப்பத்தா சொல்லிவிட்டபடி வடைமாலை சாத்தினோம். இங்கே கூட்டமே இல்லை, நின்று நிதானமாகக் கும்பிடலாம். பிள்ளையார்பட்டியோடு திரும்பிவிடுகிறவர்கள் தயவுசெய்து இங்கேயும் ஒரு எட்டு வந்து போங்கள்.

பிராகாரத்தில் உட்கார்ந்து வடையைப் பங்கிட்டபோது, வருகிற தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் பெயரைப் பெரியவர் நோட்டில் எழுதத் தொடங்கினார். தம்பி, "ஐயா, என் பேரையும் போட்டுக்கங்க. தைக்குள்ள டாக்டர் விட்டுருவாரு" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுதிவிட்டு, "கூட யாரு வர்றா?" என்று என்னைப் பார்த்தார். என் பெயரையும் சொன்னேன்.